கேளுங்கள், சொல்கிறோம்: கடாரத்தில் ஒரு நாள்

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கடாரத்தை (இன்றைய மலேசியாவின் கெடா) காட்ட நினைக்கிறோம். முன்பு ஒருமுறை தஞ்சோங் டாவாய் வரை போய்த் தேடினோம். மீன்பிடிப் படகுகளும் கருவாட்டுக் கடைகளும்தான் இருந்தன. பழைய துறைமுகம் எங்கேதான் இருந்தது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நீங்கள் தேடியது இன்றைய கரையில். சோழர் கப்பல்கள் வந்த காலத்தில் கரை இன்னும் உள்ளே இருந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் குடா தூர்ந்து, நிலம் கடல் பக்கம் நீண்டுவிட்டது. செமிலிங், மெர்போக் வட்டாரத்தில் இன்று வயலாகவும் செம்பனையாகவும் சதுப்புக்காடாகவும் கிடக்கும் இடங்களில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் கடல்நீர் ஏறி இறங்கிய பகுதி.

இதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட ஏற்ற இடம் சுங்கை பத்து. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டிய இடம் இது. இங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் தரைக்கடியில் கிடைத்தவை செங்கல் படகுத்துறைகள், இரும்பு உருக்கிய உலைகள், அவற்றுக்குக் காற்று ஊதிய மண்குழாய்கள். உருக்கிய இரும்பை அங்கேயே கலத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிக் காட்டினால் போதும், துறைமுகம் பிள்ளைகள் மனத்தில் நின்றுவிடும். பெங்காலான் பூஜாங் கிராமமும் அப்படித்தான். ‘பெங்காலான்’ என்றாலே மலாயில் படகுத்துறை. அங்கே மண்ணுக்கடியில் சீனப் பீங்கான் சில்லுகளும் மத்திய கிழக்குக் கண்ணாடித் துண்டுகளும் பாசிமணிகளும் கிடைத்திருக்கின்றன.

ஜெராய் மலையையும் மறக்க வேண்டாம். 1,217 மீட்டர் உயரம். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்கு முதலில் தென்பட்ட அடையாளம் அது. காலையில் தெளிவாகத் தெரியும். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மேகம் மூடிவிடும்.

கேள்வி: ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? எந்த வரிசையில் போவது?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: முடியும், காலை ஏழரைக்குள் பினாங்குப் பாலத்தைத் தாண்டிவிட்டால். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சுங்கை பட்டாணியில் இறங்கி, செமிலிங் வழியாக மெர்போக் சாலையைப் பிடியுங்கள். முதலில் சுங்கை பத்து. அங்கே நிழல் கிடையாது, பத்தரை மணிக்குமேல் நிற்க முடியாது. அடுத்து மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம். மரநிழலும் ஓடையும் உள்ள இடம் என்பதால் உச்சி வெயிலை அங்கே கழித்துவிடலாம். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சாப்பாட்டுக்கு மெர்போக் பட்டணத்துக்கு இறங்கி வந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் தஞ்சோங் டாவாய். நெத்திலியும் கருவாடும் அங்கே வாங்கினால் திரும்பும்வரை வண்டி மணக்கும், மூடியுள்ள டப்பா கொண்டுபோங்கள். அங்கிருந்து மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தைப் படகில் கடந்தால் எதிர்க்கரை பந்தாய் மெர்டேக்கா.

தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். கைப்பேசி வரைபடத்தில் வெறுமனே ‘லெம்பா பூஜாங்’ (பூஜாங் பள்ளத்தாக்கு) என்று தேடுவார்கள். அது ஒரு வட்டாரத்தின் பெயர், வேறெங்கோ கொண்டுபோய் விட்டுவிடும். ‘முசியம் ஆர்க்கியோலோகி’ என்பதையும் சேர்த்துத் தேட வேண்டும். வெள்ளிக்கிழமை போனால் தொழுகை நேரத்தில் வாசலில் காத்திருக்க நேரிடும். மூன்றாவது, ரயிலில் வருபவர்களுக்கு. பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டரில் சுங்கை பட்டாணி வருவதும், அங்கிருந்து கிராப் பிடிப்பதும் எளிது. மெர்போக்கிலிருந்து திரும்பத்தான் வண்டி கிடைக்காது. போகும்போதே ஓட்டுநரிடம் காத்திருப்புக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். மழை வலுக்கும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை தவிர்ப்பது நல்லது, ஓடைப் பாறைகள் பாசி பிடித்து வழுக்கும்.

கேள்வி: அங்குள்ள கோயில் ராஜேந்திர சோழன் கட்டியது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? கற்பூரம் ஏற்றிக் கும்பிடலாமா?
– வாசகர், பிறை

பதில்: அதற்குச் சான்று இல்லை. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்வது ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி. ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’க் கடாரத்து அரசனைப் பிடித்ததையும், யானைகளையும் விச்சாதிரத் தோரணம் என்ற வாயிலையும் கைக்கொண்டதையும் அது சொல்கிறது. கோயில் எழுப்பியதாக ஒரு சொல்லும் இல்லை. அவன் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே இங்கே இந்து, பௌத்த வழிபாடு இருந்திருக்கிறது. சோழன் கட்டினான் என்று சொல்லிவிட்டால் அந்த நீண்ட காலம் முழுவதும் மறைந்துபோகும். நமக்கு அது இழப்பு.

நீங்கள் கேட்பது சண்டி புக்கிட் பத்து பஹாட்டாக இருக்க வேண்டும். ‘சண்டி’ என்றால் பழங்காலக் கோயில், ‘பத்து பஹாட்’ என்றால் உளி செதுக்கிய கல். 1936-37இல் ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் இதை ஆராய்ந்தார்; 1959-60இல் இன்னோர் ஆய்வாளர் அலஸ்டேர் லாம்ப் கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தினார். கருவறைப் பகுதியும் அதற்கு முன்னால் மண்டபமும் இருப்பது பார்த்ததும் புரியும். மேலே கோபுரம் எங்கே என்று தேடாதீர்கள். குழி வெட்டிய தூண் அடிக்கற்களைக் குனிந்து பாருங்கள், அவற்றில் நின்றவை மரத்தூண்கள். கூரையும் மரமும் ஓலையும் போன்ற பொருளாகவே இருந்திருக்கும், அதனால்தான் மிஞ்சவில்லை. அடித்தளத்தில் புதைத்திருந்த கல்பேழைகளை அருங்காட்சியகத்துக்குள் காணலாம். கோயிலுக்கு அடிக்கல் இடும்போது நவமணி வைக்கும் நம் வழக்கம் அறிந்தவர்களுக்கு அவை என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்தச் சண்டி தன் சொந்த இடத்திலேயே நிற்கிறது. வளாகத்திலுள்ள பெண்டாங் டாலாம், புக்கிட் பெண்டியாட் சண்டிகள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. பெயர்ப்பலகையைப் படிக்காமல் நடந்தால் எல்லாம் ஒரே கோயில் தொகுதி என்று தோன்றிவிடும்.

கற்பூரம் வேண்டாம். எண்ணெயும் புகைக்கரியும் கல்லின் நுண்துளைகளில் இறங்கினால் எடுக்க முடியாது. குங்குமமும் அப்படியே. கைகூப்பிக் கும்பிடுங்கள். செங்கல் சண்டிகள்மேல் ஏறிப் படம் எடுப்பதையும் தடுங்கள், ஓரம் உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். 2013இல் 11ஆம் எண் சண்டி நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டதே, இருப்பவற்றையாவது காப்போம்.

கேள்வி: கோரைப்பல் ராஜா கதை நடந்தது அங்கேதானா?
– மாணவி, கெப்பாளா பத்தாஸ்

பதில்: ராஜா பெர்சியோங்கைக் கேட்கிறாய். சமையல்காரரின் விரல் வெட்டுப்பட்டு இரத்தம் கீரையில் விழ, அந்தச் சுவைக்கு அடிமையான அரசனுக்குக் கோரைப்பல் முளைத்ததாம். கெடாவின் பழங்கதையான மெரோங் மகாவங்சாவில் வருவது. அவன் பல்லைப் பிடுங்கி எறிந்த இடம் என்று மக்கள் காட்டும் கம்போங் சியோங் உள்நாட்டில், பாலிங் பக்கம் இருக்கிறது. அதே கதை ஜெராயை ‘புலாவ் செராய்’ என்று தீவாகச் சொல்கிறது. முதல் பதிலில் சொன்ன கடல் ஞாபகம் வருகிறதா?

கேள்வி: அடுத்து தமிழ்நாடு போகிறோம். கடாரத்தோடு தொடர்புள்ள இடம் அங்கே உண்டா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: நாகப்பட்டினம். கடாரத்து அரசன் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்த மடத்துக்கு ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். விகாரம் இருந்த இடத்தில் நின்ற பழைய செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள், ஊரில் தேடி அலைய வேண்டாம். நாகையில் கிடைத்த வெண்கலப் புத்தர்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.