வெட்டு எங்கே இருக்கிறது?

ஐயா,

அரசுப் பல்கலைக்கழகங்களைப் பட்டினி போடுகிறார்கள் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். தமிழக நிதிநிலை அறிக்கையில் உயர்கல்விக்கு 2024-25இல் 8,212 கோடி ரூபாய், 2025-26இல் 8,494 கோடி. ஏறித்தான் இருக்கிறது. பிறகு வெட்டு எங்கே? என்னைக் கேட்டால் எல்லாம் ஆளுநர் செய்த குழப்பம். துணைவேந்தரே இல்லாத இடத்தில் நிர்வாகம் எப்படி நடக்கும்? அப்புறம், பேராசிரியர்கள் வாங்குகிற சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்களா என்பதையும் கொஞ்சம் எழுதுங்கள்.

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் தொகை சரி. ஆனால் அது துறைக்கான ஒதுக்கீடு. அதில் பெரும்பகுதி அரசுக் கல்லூரி, உதவிபெறும் கல்லூரிகளின் சம்பளத்துக்கே போய்விடும். பல்கலைக்கழகத்துக்குப் போவது அதற்குள் இருக்கும் தொகுப்பு மானியம், அதாவது அரசு மொத்தமாகத் தரும் தொகை. அதை யாரும் சட்டமன்றத்தில் எழுந்து நின்று குறைப்பதில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஒரு தடை எழுப்பும். இந்தப் பணியிடத்துக்கு அனுமதி இல்லை, இந்த ஊதிய நிர்ணயம் தவறு என்று. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அந்தச் செலவு மானியக் கணக்கில் சேராது. கோப்பு கோட்டைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடக்கும். ஆள் வேலையில் இருப்பார், சம்பளம் மாதாமாதம் கொடுத்தாக வேண்டும், மானியம் மட்டும் வராது. தணிக்கைத் தடைகள் எல்லாமே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. முறைகேடான நியமனங்கள் நடந்த இடங்கள் உண்டு. ஆனால் தவறு செய்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், தண்டம் கட்டுவது பல்கலைக்கழகம்.

இதன் உச்சம் 2024 பிப்ரவரியில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. கேட்ட தொகை 424 கோடி ரூபாய். 1857இல் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எதற்கு வருமான வரி? சட்டப்படி, பெருமளவு அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்குத்தான் அந்த வரிவிலக்கு. மொத்த வரவில் அரசு மானியம் பாதியைத் தாண்ட வேண்டும். மாநில அரசின் பங்கு பாதிக்குக் கீழே இறங்கியதால் விலக்கு கிடையாது என்றது வரித்துறை. அதாவது மாநிலம் கொடுக்காமல் விட்டது, கொடுக்கவில்லை என்பதற்காக மத்தியத் துறை வரி கேட்டது. உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

வருமானத்தின் கதை தனி. இணைப்புக் கல்லூரிகளின் கட்டணம், தேர்வுக் கட்டணம், தொலைதூரக் கல்வி, இவைதான் ஒரு பல்கலைக்கழகத்தின் சொந்தச் சம்பாத்தியம். சென்னையிடமிருந்து பொறியியல் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனது. மருத்துவம், சட்டம் என்று ஒவ்வொன்றாகத் தனிப் பல்கலைக்கழகங்கள் வந்தன. 2002இல் வேலூர்ப் பக்கக் கல்லூரிகள் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் போயின. நிர்வாகத்துக்கு அது தேவையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் தம்பிகளுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கடன் பத்திரத்தை மட்டும் அண்ணன் பெயரில் எழுதிவைத்த கதைதான். பழைய ஊழியர்களின் ஓய்வூதியம் பழைய பல்கலைக்கழகத்தின் தலையிலேயே நின்றது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இதே பாடுதான். தொலைதூரக் கல்விக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) எல்லை போட்டதும் அந்த வரவு சரிந்தது. அப்புறம் சம்பளத்துக்காகப் பேராசிரியர்களும் ஊழியர்களும் வாசலில் உட்கார்ந்தார்கள்.

இந்த நிலையிலும் புதுப் பல்கலைக்கழக ஆசை மட்டும் விடவில்லை. 2021 தொடக்கத்தில் அ.தி.மு.க. அரசு விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் ஒன்று தொடங்கியது. அதே ஆண்டு தி.மு.க. அரசு வந்து அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தது. 2025இல் கும்பகோணத்தில் கலைஞர் பெயரில் ஒன்றுக்கு மசோதா நிறைவேறியது. தலைவர் பெயரில் பல்கலைக்கழகம் தொடங்கினால் அடிக்கல் நாட்டலாம், படம் வரும். ஓய்வூதிய நிதியில் பணம் போட்டால் யார் படம் எடுப்பார்கள்?

ஆளுநர் விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் சென்னைத் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. தேடுதல் குழுவில் யுஜிசி பிரதிநிதி வேண்டும் என்றார் ஆளுநர், வேண்டாம் என்றது அரசு. நாற்காலி காலியாகவே கிடந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை அரசுக்கு மாற்றுவது உட்பட ஆளுநர் நிறுத்திவைத்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றது. மே மாதமே துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஆளுநர் செய்தது தவறு என்பதில் நான் உங்கள் கட்சி. ஆனால் கணக்கு முடங்கியதற்கும் மானியம் சுருங்கியதற்கும் அவர் காரணமில்லை. அது அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நாற்காலிக்குச் சண்டை போட இரண்டு பேர் இருக்கிறார்கள். சம்பளப் பட்டியலுக்கு ஒருவரும் இல்லை.

பேராசிரியர்கள் வேலை பார்க்கிறார்களா? சிலர் பார்ப்பதில்லை, அது எல்லா அலுவலகத்திலும் உண்டு. ஆனால் அரசுக் கல்லூரிகளில் இன்று வகுப்பை ஓட்டுபவர்களில் கணிசமானவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள், அதாவது தற்காலிக ஆசிரியர்கள். யுஜிசி 2019இல் மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்றது, இங்கே 2025இல் 25,000தான். மே மாதம் அதுவும் இல்லை. இவர்களில் பலர் முனைவர் பட்டமோ, நெட், செட் என்னும் விரிவுரையாளர் தகுதித் தேர்வுத் தேர்ச்சியோ வைத்திருப்பவர்கள்.

என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அரசுக் கல்லூரி ஆசிரியரின் ஓய்வூதியத்தைக் கருவூலம் கொடுப்பதுபோல, பல்கலைக்கழக ஊழியர்களின் ஓய்வூதியத்தையும் அரசே ஏற்க வேண்டும். முதலில் அதைச் செய்யட்டும், மற்றதைப் பிறகு பேசலாம். எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலாவது இந்த ஒரு வரி கண்ணில் பட்டால் எனக்கும் அனுப்பிவையுங்கள்.