எல்லாவற்றையும் நோஷனுக்கு மாற்றலாமா?

நாள்காட்டி, டூடுயிஸ்ட் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல் செயலி), எவர்நோட் (குறிப்புச் செயலி) மூன்றையும் விட்டு, குறிப்பு, பணி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் நோஷன் செயலிக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். நாள்காட்டியும் டூடுயிஸ்டும் அப்படியே இருக்கட்டும். எவர்நோட் குறிப்புகளை மட்டும் வேண்டுமானால் நோஷனுக்கு மாற்றுங்கள்.

ஒரே வேலை மூன்று செயலிகளிலும் பதிவாகி, கடைசியில் கெடு தவறுகிறது என்கிறீர்கள். எது எங்கே போக வேண்டும் என்று முடிவாகாததுதான் காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் நோஷனுக்குப் போனால், அதே குழப்பம் மூன்று பக்கங்களாக அங்கேயும் வந்து நிற்கும்.

ஒரு வாரம் இப்படிப் பாருங்கள்: நேரம் குறித்தவை நாள்காட்டியில், செய்ய வேண்டியவை டூடுயிஸ்டில், மற்றதெல்லாம் குறிப்பில். ஒன்றை இரண்டு இடத்தில் எழுதவே கூடாது. அப்போதும் தவறினால் நோஷனை யோசிக்கலாம்.

ஆனால் திரும்பத் திரும்ப வரும் வேலைகள் அங்கே இடிக்கும். டூடுயிஸ்டில் வாராந்திர வேலையை முடித்ததும் அதுவே அடுத்த வாரத்துக்கு நகர்ந்துவிடும். நோஷனில் திரும்ப வரும்படி டெம்ப்ளேட் (மாதிரிப் பக்கம்) அமைத்தால் ஒவ்வொரு முறையும் புதுப் பக்கம் உருவாகும். பழையதை முடிக்காவிட்டால் குவிந்துகொண்டே போகும். (எனக்கு இந்த ஒன்றே போதும், மாறாமல் இருக்க.)

குழுவாக வேலை செய்பவர் என்றால் கணக்கு வேறு. பணியும் குறிப்பும் ஒரே பக்கத்தில் இருப்பது அங்கே பெரிய வசதி. அப்புறம், மாற்றும் முன் எவர்நோட்டிலிருந்து எனெக்ஸ் (.enex, எவர்நோட்டின் ஏற்றுமதி வடிவம்) கோப்பாக ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.