சரணடைந்த காப்ளின் என்ற குட்டி அரக்கனைக் கொன்றால், பாலடின் என்ற புனித வீரனின் சக்தி போய்விடுமா?

போகாது. நீங்கள் ஆடுவது 2014 விதிகளிலான டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு. அதில் பாலடினின் சக்தி அலைன்மென்ட்டோடு (கதாபாத்திரத்தின் ஒழுக்க நிலைப்பாடு) கட்டப்படவில்லை, அவர் எடுத்த சபதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது.

சக்தி போய்விடும் என்று உங்கள் டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) சொன்னால், அவர் பெரும்பாலும் பழைய 3.5 பதிப்பில் பழகியவர். அங்கே பாலடின் லாஃபுல் குட் (ஒழுங்கும் நன்மையும் உள்ளவர்) ஆகத்தான் இருக்க வேண்டும். தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தாலே சக்தி பறிபோகும், பிராயச்சித்தம் செய்தால்தான் திரும்பும்.

முதலில் கேரக்டர் ஷீட்டில் (கதாபாத்திரத்தின் விவரத் தாள்) எந்தச் சபதம் என்று பாருங்கள். டிவோஷன் (பக்தி) என்றால் எதிரிக்கும் கருணை காட்டச் சொல்கிறது, ஆகவே இது பெரும்பாலும் மீறல்தான். வெஞ்சன்ஸ் (பழிவாங்கல்) என்றால் சாதாரண எதிரிக்கு இரங்கலாம், பரம வைரிக்கு இரக்கமே இல்லை. அந்தக் காப்ளின் இதில் யார்?

அலைன்மென்ட்டை லாஃபுல், குட் என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். "உயிரோடு விடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கொன்றிருந்தால் லாஃபுல் பக்கமும் அடி வாங்கும். வாக்கே கொடுக்கவில்லையென்றால் குட் பக்கம் மட்டும். ஒரே செயலுக்காக ஷீட்டைத் திருத்துவது அநியாயம் என்பேன். அதே போக்கு மூன்று நான்கு அமர்வுகளில் தொடர்ந்தால் மாற்றலாம்.

ஒன்று மட்டும்: வேண்டுமென்றே சபதத்தை மீறி, வருத்தமும் காட்டாத பாலடினை அந்தப் பாத்திர வகையையே விடச் சொல்லவோ, ஓத்பிரேக்கர் (சபதம் முறித்த பாலடின்) ஆக்கவோ டி.எம்.முக்கு இடமுண்டு.