மொத பார்சல் காலுக்கு

கேள்வி: அக்கா, எம் பையன் இந்த ஜூலைல என்டிஏ-ல (நேஷனல் டிஃபென்ஸ் அகாடமி) சேர்ந்திருக்கான், புனே பக்கத்துல கடக்வாஸ்லா. எங்க சொந்தத்துல மிலிட்டரிக்கு போற மொத ஆளு இவன்தான். எப்பவாவது போன் வரும், "நல்லா இருக்கேம்மா, ஓடணும், வெச்சிடுறேன்"னு முடிச்சிடுவான். ஒரு பெட்டி நிறைய அதிரசம், முறுக்கு, பருப்புப்பொடி, ஊறுகாய், நெய், அவனுக்கு பிடிச்ச பாடி ஸ்ப்ரே, பவர் பேங்க், கைச்செலவுக்கு ஆயிரம் ரூபா, அப்புறம் கால்வலி மாத்திரை எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். அவங்க அப்பா "அங்க பசங்க சிரிப்பானுங்க, பேசாம இரு"ங்கிறாரு. அனுப்பலாமா?
- ஒரு அம்மா, தேனி மாவட்டம்

பதில்: அனுப்புங்க தங்கச்சி, யாரும் சிரிக்க மாட்டானுங்க, பார்சல் வந்த பையனோட கேபின்லதான் அன்னைக்கு கூட்டமே. ஆனா எடுத்து வெச்சதுல பாதிய திரும்ப அலமாரியிலயே வெச்சிடுங்க. மொத பார்சல் காலுக்கு, நாக்குக்கு அடுத்த பார்சல், இதுதான் என் கட்சி. என் பையனும் அங்க மூணு வருஷம் இருந்தவன், அந்த தைரியத்துல சொல்றேன்.

ஜூலைல சேர்ற பசங்களுக்கு மொத எதிரி மழைதான். கடக்வாஸ்லா ஏரி ஓரத்துல இருக்கற இடம், செப்டம்பர் வரைக்கும் ஊத்தித் தள்ளும், காலைல உடற்பயிற்சி, அப்புறம் டிரில்னு அணிவகுப்பு, நடுவுல சைக்கிள், எங்க போனாலும் ஓட்டம், துவைச்சு போட்ட சாக்ஸ் மூணு நாளானாலும் காயாது, ஈர சாக்ஸோட கனமான பூட்ஸ மாட்டிக்கிட்டு காலைத் தூக்கித் தூக்கி தரையில அறைஞ்சா குதிகால்ல கொப்புளம் வராம என்ன பண்ணும். அதனால சாக்ஸ் வைங்க, நிறைய வைங்க. என்ன கலர், எவ்ளோ உயரம்னு அவன்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க, அங்க எல்லாத்துக்கும் ஒரு ரூல் உண்டு. உள்ளாடை ஒரு அரை டஜன், பேண்ட்-எய்டு, தொடை இடுக்குல படை வராம இருக்க போடற பவுடர் (வாசனை பவுடர் இல்ல, மெடிக்கல்ல கேட்டு வாங்கறது), ஊசி நூல், பட்டன், சேஃப்டி பின். அப்புறம் அவங்க அப்பாவோட பழைய வேட்டி ஒண்ணு இருந்தா கையகலத்துக்கு கிழிச்சு மடிச்சு வைங்க. பூட்ஸ் முனைய கண்ணாடி மாதிரி மின்ன வைக்கணும் அவனுங்க, துளி தண்ணி துளி பாலிஷ்னு விரல்ல துணிய சுத்தி வட்டம் வட்டமா தேய்ச்சுக்கிட்டே இருக்கணும், அதுக்கு பத்து வருஷம் துவைச்ச வேட்டித் துணிக்கு ஈடா எந்தக் கடையிலயும் துணி கிடையாது.

"இதெல்லாம் அங்கயே வாங்கிக்க மாட்டானா"ன்னு அவங்க அப்பா கேப்பாரு. டிரில் டெஸ்ட் பாஸ் பண்ற வரைக்கும் புனே டவுனுக்கு போக லிபர்ட்டி, அதாவது வெளிய போற அனுமதி, கிடையாது, உள்ள இருக்கற கடைக்கு போகவும் நேரம்னு ஒண்ணு வேணும்ல.

இப்ப அடுத்த பார்சலுக்கான திங்கற ஐட்டம். சாப்பாட்டுக்கு அங்க குறையே இல்ல, ரெண்டாயிரம் பேர் ஒரே நேரத்துல உக்காந்து சாப்பிடற மெஸ் அது. அங்க போய் பொடி டப்பாவ திறந்து நெய் ஊத்தி பிசையறதெல்லாம் நடக்காது, அதனால பொடி, நெய், ஊறுகாய் மூணும் வேணாம். கையில எடுத்தோமா வாயில போட்டோமான்னு இருக்கணும். கோவில்பட்டி கடலைமிட்டாய், தட்டை, காராசேவு, அதிரசம் எல்லாம் ஓகே, தேங்காய் போட்டது எதுவும் வேண்டாம், போய் சேர்றதுக்குள்ள சிக்கு வாடை வந்துடும். என் ஓட்டு பொருவிளங்கா உருண்டைக்குத்தான். உடையாது, நமுக்காது, வாரக்கணக்குல கெடாது. என் பையன் பேட்ச்ல பெல்ட் பக்கிளால தட்டி உடைச்சு தின்னானுங்களாம், பஞ்சாப் பையன் ஒருத்தன் "உங்க ஊர்ல இதுக்கு லைசென்ஸ் வேணாமா"ன்னு கேட்டானாம். ஒண்ணு ஞாபகம் வைங்க, உங்க பையனுக்குன்னு அளந்து அனுப்பாதீங்க, கோர்ஸ்மேட்டுக்கும் சீனியருக்கும் போக அவனுக்கு ரெண்டு மிஞ்சணும்.

பாடி ஸ்ப்ரே, பவர் பேங்க் ரெண்டும் தபால்ல சிக்கல், விட்டுடுங்க. ரூபா நோட்ட பார்சல்ல ஒளிச்சு வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல ஜாஸ்தி, வேண்டவே வேண்டாம், அவன் பேங்க் அக்கவுண்ட்ல போட்டுடுங்க. மாத்திரை கண்டிப்பா கூடாது. கால் வலிச்சா எம்ஐ ரூம்ல (அங்க உள்ள டாக்டர் ரூம்) காட்டட்டும், அங்க மிலிட்டரி ஆஸ்பத்திரியே இருக்கு. வலி மாத்திரைய போட்டுக்கிட்டே ஓடி, எலும்புல விழுந்த சின்ன கீறல் பெருசாகி, டெர்ம்ல பின்தங்கறது இதனாலதான்.

அட்ரஸ்ல வெறும் பேரும் அகாடமியும் போட்டா பத்தாது. பசங்கள பிரிச்சு தங்க வைக்கிற பிரிவு, ஸ்குவாட்ரன்னு பேரு, 18 இருக்கு, ஆல்ஃபால ஆரம்பிச்சு ரோமியோ வரைக்கும், நம்ம பையன் பேர்லயே இன்னும் நாலு பேர் இருப்பான். கேடட் நம்பர், பேர், ஸ்குவாட்ரன், என்டிஏ, கடக்வாஸ்லா, புனே 411023, இவ்ளோவும் பெருசா எழுதுங்க, உள்ளயும் ஒரு சீட்டுல எழுதி போட்டு வைங்க, மழையில மேல ஒட்டுன காகிதம் ஊறிடும். டெர்ம் லீவு டிசம்பர்லதான், தீபாவளிக்கு அவன் அங்கதான் இருப்பான்னா பலகாரத்த ரெண்டு வாரம் முன்னாடியே ஸ்பீட் போஸ்ட்ல போட்டுடுங்க.

கேள்வி: எங்க பொண்ணு பரங்கிமலை ஓடிஏ-ல (ராணுவ ஆபீசர் டிரெய்னிங் அகாடமி) டிரெய்னிங்ல இருக்கா, நாங்க தாம்பரம். பக்கத்துலதானேன்னு வாரா வாரம் சமைச்சு எடுத்துட்டு போய் கேட்ல குடுக்கலாமா மேடம்?
- ஒரு அப்பா

பதில்: வேணாம் சார். கேட்ல நீங்க நிக்கறீங்கன்னு தெரிஞ்சா அவதான் சங்கடப்படுவா, வடகிழக்குல இருந்தும் ராஜஸ்தான்ல இருந்தும் வந்த பிள்ளைங்க கூட இருக்கறப்ப தனக்கு மட்டும் வாரா வாரம் டிபன் கேரியர் வந்தா எப்படி இருக்கும். அது டிகிரி முடிச்சிட்டு வர்ற இடம், டிரெய்னிங்லயே மாசம் 56,100 ரூபா ஸ்டைபெண்ட் உண்டு, வேணுங்கறத அவளே வாங்கிக்குவா. அவளுக்கு வெளிய வர பர்மிஷன் கிடைக்கற ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா, அன்னைக்கு கூட வர்ற நாலு பிள்ளைங்களுக்கும் சேர்த்து வீட்ல இலை போடுங்க.