பால் தட்டில் வண்ணம் ஓடாமல் நிற்பது ஏன்?

கேள்வி: மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி அறிவியல் கண்காட்சியில், பாலில் வண்ணம் விட்டு சோப்பால் தொட்டதும் அது ஓடுவதைக் காட்டப் போகிறான். வீட்டு மாட்டுப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, கேசரி பவுடர் தூவி, குளிக்கிற சோப்பைக் கரைத்துத் தொட்டோம். முதல் தடவை லேசாக நகர்ந்தது. தட்டைக் கழுவிவிட்டு மறுபடி இரண்டு தடவை செய்தோம், அசையவே இல்லை. பவுடரும் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. எங்கே தப்பு? (மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதல் தடவை நகர்ந்து அடுத்த தடவைகளில் நின்றுபோனது என்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. தட்டைக் கழுவியபோது சோப்பு முழுதாகப் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாலே போதும், பாலை ஊற்றியவுடன் அது மேற்பரப்பு முழுவதும் பரவிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் தொடும் சோப்புக்கு அங்கே வேலை இல்லை.

காரணம் புரிய, நடவு வயலில் கட்டியிருக்கும் தண்ணீரைப் பாருங்கள். கால் நனையாமல் அதன்மேல் பூச்சிகள் ஓடும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருப்பதால் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணிபோல விறைப்பாக இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். பாலிலும் உண்டு, தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவாக.

சோப்பு வண்ணத்தைத் தள்ளிவிடுகிறது என்றுதான் பலரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தப்பு. காணும் பொங்கலன்று கயிறு இழுக்கும்போது ஒரு பக்கத்தார் பிடியைத் தளர்த்தினால் கயிறு எந்தப் பக்கம் போகும்? அதேதான் இங்கும். சோப்பு பட்ட இடத்தில் பிடி தளர்கிறது, சுற்றியுள்ள பால் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, மேலே கிடக்கும் வண்ணம் அதோடு போகிறது. இந்த ஓட்டத்துக்கு மாரங்கோனி விளைவு என்று பெயர். 1865-இல் இதை ஆராய்ந்து எழுதிய இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மாரங்கோனியின் பெயர் அது. நடுவர் கேட்டால் உங்கள் மகன் ‘இழுக்கிறது’ என்றே சொல்லட்டும்.

அப்படியானால் பால் எதற்கு, தண்ணீரே போதாதா? தண்ணீரில் மிளகுத்தூள் தூவித் தொட்டுப் பாருங்கள். சடாரென்று ஓரத்துக்கு ஓடி நின்றுவிடும். பாலில் மிதக்கும் நுண்ணிய கொழுப்புத் துளிகள்தான் ஆட்டத்தை நீட்டிக்கின்றன. சோப்பு மூலக்கூறின் ஒரு முனைக்கு நீர் பிடிக்கும், மறுமுனைக்குக் கொழுப்பு பிடிக்கும். அதனால் அது மேற்பரப்பில் தேங்காமல் கொழுப்பைத் தேடி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. மேலே விறைப்பு ஒரே சீராவதற்கு நேரம் பிடிக்கிறது, அதுவரை வண்ணம் சுழல்கிறது. பால் வெள்ளையாக இருப்பதால் வண்ணம் எடுப்பாகத் தெரிகிறது என்பதும் உண்டு.

இனி உங்கள் பொருட்களுக்கு வருவோம். காய்ச்சிய பால் வேண்டாம். ஆறும்போது படியும் ஆடை, மெல்லியதானாலும், மேற்பரப்பை ஓடவிடாது. காய்ச்சாத பசும்பாலே போதும். ஆனால் அசையாமல் வைத்திருந்தால் கொழுப்பு மேலே திரளும் என்பதால் ஊற்றுமுன் கலக்கிவிடுங்கள். கண்காட்சிக்கு பாக்கெட் பால் இன்னும் வசதி, கொழுப்பு எவ்வளவு என்று தெரிந்திருக்கும். ஆவினில் நீலம் 3 சதவீதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் சில்லிப்போடு ஊற்றினால் ஓட்டம் மந்தமாகும். அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

குளிக்கிற சோப்புக்குப் பதில் பாத்திரம் கழுவும் திரவம் நல்லது. சாதாரண சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து திப்பியாகிவிடும். பாலில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை, கடலோரப் பக்கத்து போர் தண்ணீரில் சோப்பைக் கரைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். பாத்திரத் திரவத்துக்கு இந்தத் தொந்தரவு குறைவு. தண்ணீர் கலக்காமல் அப்படியே தொடுங்கள்.

கேசரி பவுடரைத் தூவக் கூடாது, துகள் கனத்தால் மூழ்கிவிடும். ஒரு சிட்டிகையை ஒரு தேக்கரண்டி தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். அளவு கூடினால் கரைசலே பாலைவிடக் கனமாகி அடியில் இறங்கும். கேக் கடையில் விற்கும் ஜெல் வண்ணத்துக்கும் இதே கோளாறு. மஞ்சள்தூளும் வேண்டாம். அது தண்ணீரில் கரையாது, காரம் பட்டால் சிவக்கவும் பார்க்கும். ஆலம் சுற்ற மஞ்சளில் சுண்ணாம்பு கலக்கிறோமே, அதே வேதியியல்தான். ஒரே தட்டில் இரண்டு சோதனை நடந்தால் பையன் எதை விளக்குவான்?

அடி தட்டையான, 20 செ.மீ. அகலமுள்ள வெள்ளைத் தட்டில் 150 மி.லி. பால் ஊற்றினால் ஏறக்குறைய அரை செ.மீ. ஆழம் வரும். அலை அடங்கட்டும். மேலே மின்விசிறி ஓடினால் நிறுத்திவிடுங்கள். சொட்டுமருந்து போடும் குழாயைப் பாலை ஒட்டினாற்போல் பிடித்து, நடுப்பக்கமாக மூன்று நான்கு சொட்டு வண்ணம். உயரத்திலிருந்து விட்டால் உள்ளே போய்விடும். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியைத் திரவத்தில் தோய்த்து, நடுவில் தொட்டு, கலக்காமல் அப்படியே பிடித்திருங்கள். வண்ணம் விலகி ஓடும், ஓரத்தில் மடங்கிக் கீழே போகும், வேறிடத்தில் மேலே வரும். நின்றதும் இன்னொரு இடத்தில் தொட்டால் கொஞ்சம் உயிர் வரும். அதுவும் அடங்கினால் அந்தப் பாலின் கதை முடிந்தது, மேலும் சோப்பு விட்டுப் பயனில்லை.

ஒவ்வொரு தடவைக்கும் தனித் தட்டு இருந்தால் உத்தமம். இல்லையென்றால் நாலைந்து முறை நல்ல தண்ணீரில் அலசி, சுத்தமான துணியால் துடையுங்கள். இந்தத் தூய்மை விஷயத்தில் ஒரு முன்னோடி உண்டு: ஜெர்மனியின் ஆக்னஸ் போக்கெல்ஸ். பல்கலைக்கழகம் போகாமல் வீட்டிலேயே தண்ணீர்த் தொட்டி வைத்துப் பரப்பு இழுவிசையை அளந்தவர். அழுக்கு பட்ட நீர்ப்பரப்பு எப்படி மாறுகிறது என்று அவர் எழுதிய கடிதம் 1891-இல் நேச்சர் இதழில் வெளியானது.

வண்ணம் ஓடுவதை மட்டும் காட்டினால் அது வேடிக்கை. சோதனையாக்க, தண்ணீர், நீலப் பாக்கெட், ஆரஞ்சு பாக்கெட் என மூன்று தட்டு வையுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் வெறும் தண்ணீரில் நனைத்த குச்சியால் தொட்டு எதுவும் நடக்கவில்லை என்று காட்டிவிட்டு, பிறகு சோப்புக் குச்சியால் தொடட்டும். தொட்டதிலிருந்து ஓட்டம் நிற்கும்வரை போனில் நேரம் பார்த்து, மூன்று தடவை செய்து சராசரி எழுதட்டும். வெயில் நாளென்றால் பாலைச் சிறு சிறு அளவாக ஊற்றுங்கள், திரிந்த பாலில் இது நடக்காது.

முடிந்ததும் அந்தப் பாலை வாய்க்காலில் கொட்ட வேண்டாம், பழக்கதோஷத்தில் மாட்டுக் கழுநீர்த் தொட்டியிலும் ஊற்றிவிடாதீர்கள். சோப்பு கலந்தது அது. சாக்கடையில் ஊற்றித் தண்ணீர் விடுங்கள்.