கார்னியா மெலிது என்றால் லேசர் கிடையாதா?

கேள்வி: வயது 25. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை. இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. வேலூரில் ஓரிடத்தில் கார்னியா (கண்ணின் முன்புறத் தெளிவான படலம்) 478 மைக்ரான்தான், பவரைக் குறைக்கும் லேசிக் லேசர் வேண்டாம் என்றார்கள். இன்னோரிடத்தில் செய்துவிடலாம் என்கிறார்கள். இரண்டு மாதத்தில் கல்யாணம். என்ன செய்வது?

பதில்: வேண்டாம் என்றவர் கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறார். நீங்களும் போட்டுப் பாருங்கள். லேசிக்கில் முதலில் கார்னியாவின் மேல்பகுதியை மூடி மாதிரி சீவித் திறப்பார்கள். அதற்குச் சுமார் 110 மைக்ரான். பிறகு லேசர் கரைப்பது ஒரு பவருக்கு ஏறக்குறைய 15 வீதம் ஆறுக்கு 90. இருநூறு போனால் அடியில் நிற்பது 278. குறைந்தது 250 என்பது பழைய எல்லை; இப்போது 300 இருந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. செய்துவிடலாம் என்றவர் 250ஐப் பிடித்துப் பேசுகிறார். நான் செய்யமாட்டேன். மிச்சமிருப்பது பலமிழந்து, சில வருடம் கழித்து முன்னே பிதுங்கினால் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது.

ஸ்மைல் என்ற இன்னொரு லேசர் முறையில் மூடி கிடையாது, சின்னக் கீறல்தான். ஆனாலும் உள்ளேயிருந்து திசுவை எடுப்பது எடுப்பதுதான்.

பி.ஆர்.கே. என்ற லேசர் முறை உங்களுக்குப் பொருந்தலாம். மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசர் பாய்ச்சுவார்கள். தோல் சில நாளில் தானே வளர்ந்துவிடும். தோல் 50, லேசர் 90 கழித்தாலும் 338 நிற்கும். ஆனால் மூன்று நான்கு நாள் நன்றாக வலிக்கும், கண்ணீர் கொட்டும். பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும். மைனஸ் 6க்குக் கார்னியாவில் மங்கல் படியும் வாய்ப்பும் உண்டு. வேலூர் வெயிலில் கூலிங் கிளாஸ் இல்லாமல் சில மாதம் வண்டி ஓட்டவே கூடாது.

கார்னியாவைத் தொடவே வேண்டாமென்றால் ஐ.சி.எல். கண்ணுக்குள், இயற்கை லென்ஸுக்கு முன்னால் ஒரு மெல்லிய லென்ஸ் வைப்பது. உள்ளே இடம் இருக்க வேண்டும், பொதுவாக 2.8 மில்லிமீட்டர் ஆழம் பார்ப்போம். செலவு அதிகம், வருடாவருடம் பரிசோதனையும் வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது, கார்னியாவின் வடிவத்தையும் தடிமனையும் காட்டும் பெண்டகாம் படம். பிறவியிலேயே மெலிதாக இருப்பது வேறு, கூம்பாக மாறிக்கொண்டே மெலிவது வேறு. இரண்டாவதானால் பவரைக் குறைக்கும் லேசர் பேச்சே கூடாது. மாற்றத்தை நிறுத்தும் சிகிச்சைதான் முதலில். கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா? இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சாஃப்ட் காண்டாக்ட் லென்ஸ் போடுபவரானால் படம் எடுக்க இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் கல்யாணம். அதற்குள் முடித்தாக வேண்டும் என்று டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள். முகூர்த்தத்துக்குக் காண்டாக்ட் லென்ஸ் போதும். ஹோமப் புகையில் எரிந்தால் கசக்காமல் கழற்றிவிடுங்கள், கண்ணாடியை யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.