அந்தப் பேய்க்கு இன்னா வேணுமாம்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நான்கு நண்பர்கள். ஒருவன் கல்யாண வீடியோ எடுப்பவன். ஒருவன் படித்துவிட்டு வேலை தேடுகிறான். இன்னொருவன் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறான். நான் ஐஸ் பேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். நாலு பேரும் சேர்ந்து ஒரு பேய்ப்படம் எடுத்திருக்கிறோம். பட்ஜெட் ஏழு லட்சம். அதில் ஒரு லட்சம் என் அம்மாவின் சீட்டுப் பணம்.

கதை இதுதான். கல்யாணமாகி வந்த புதுப்பெண் ஒருத்தி பழைய வீடொன்றில் குடியேறுகிறாள். வெள்ளைக்காரன் காலத்துக் கல்லறையிலிருந்து ஒரு சாத்தான் அவளுக்குள் புகுந்துவிடுகிறது. டாக்டர்கள் கைவிரிக்கிறார்கள். வயதான பாதர் ஒருவர் வருகிறார். சிலுவை, புனித நீர், லத்தீன் ஜெபம். கட்டில் அந்தரத்தில் எழும்புகிறது. கடைசியில் சாத்தான் ஓடிவிடுகிறது.

முதல் எடிட்டைத் தெரிந்தவர்கள் இருபது பேருக்குப் போட்டுக் காட்டினோம். கட்டில் எழும்பும் இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கயிறு தெரிகிறதாம். யூனிட்டுக்குச் சமைத்துப்போட்ட அக்கா மட்டும் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும், "எல்லாம் சரி தம்பி, அந்தப் பேய்க்கு இன்னா வேணுமாம்?" என்று கேட்டார். எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை.

இன்னும் ஐந்து லட்சம் கடன் வாங்கி கிராபிக்ஸ் செய்தால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். பணம்தான் குறையா? இன்னொன்று, பேயோட்டுவதைப் படமாக எடுப்பதே மூடநம்பிக்கையை வளர்ப்பதுதான் என்று என் தங்கை தினமும் சண்டை பிடிக்கிறாள். உங்கள் கருத்து வேண்டும். படத்தை அனுப்பியிருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம். சீட்டுப் பண விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

*

அன்புள்ள தம்பி,

பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் ஐஸ் பேக்டரி, சீட்டுப் பணம், பேய்ப்படம் என்று மூன்று அடையாளம் கொடுத்த பிறகு முதுநகரில் உங்களைக் கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு? இது வெளியாவதற்குள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

படம் பார்த்தேன். கட்டில் காட்சியில் நானும் சிரித்தேன். கயிறு தெரியாவிட்டாலும் சிரித்திருப்பேன். அது ஏன் எழும்புகிறது என்று படத்தில் யாருக்கும் தெரியவில்லை, பேய்க்கே தெரியவில்லை. ஐந்து லட்சம் செலவழித்தால் கயிறு மறையும். சிரிப்பு அப்படியே இருக்கும், வட்டி மட்டும் ஏறும்.

பணம் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 2007இல் வந்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' படத்தை ஓரென் பெலி தன் சொந்த வீட்டிலேயே எடுத்தார். செலவு சுமார் 15 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் ஆறேழு லட்ச ரூபாய், உங்கள் பட்ஜெட்தான். படுக்கையறையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய கேமரா, தூங்கும் இரண்டு பேர், கொஞ்சமாக அசையும் ஒரு கதவு. வசனத்தைக்கூட நடிகர்களே பேசிப் பேசி உண்டாக்கினார்கள். 1981இல் 'தி ஈவில் டெட்' எடுத்த சாம் ரைமியிடம் காட்டுக்குள் கேமராவைப் பறக்கவிட வசதி இல்லை. ஒரு பலகையில் கேமராவைக் கட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இல்லாமையே அந்தப் படத்தின் நடையாகிவிட்டது.

பணம் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1973இல் வந்த, வாஷிங்டனில் நடக்கும் 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில், பேய் பிடித்த பெண் படுத்திருக்கும் அறையையே குளிர்சாதனம் வைத்து உறையச் செய்தார்கள், பேசும்போது வாயில் ஆவி தெரிய வேண்டும் என்பதற்காக. நீங்களும் சாம்பிராணிப் புகை போட்டு முயன்றிருக்கிறீர்கள். தம்பி, நீங்கள் ஷூட்டிங் நடத்தியது கடலூரில், மே மாதத்தில். அந்தப் பெண்ணின் கழுத்தில் வழியும் வேர்வையும், கரண்டு போனதும் நின்றுபோகும் மின்விசிறியும் உங்களுக்கு இனாமாகக் கிடைத்தவை. பின்கழுத்தில் காற்றே படாத அந்த நிமிஷத்தை இந்தக் கரையோரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். அதை விட்டுவிட்டு வாஷிங்டன் குளிருக்குப் போய்விட்டீர்கள்.

அடுத்து உங்கள் பாதர். போன் வந்ததும் புனித நீரை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுகிறார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் பிரிவு, ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒரு குரு பேயோட்டக் கூடாது என்கிறது. கடலூரும் பாண்டிச்சேரியும் ஒரே உயர்மறைமாவட்டம். ஆகவே உங்கள் பாதர் முதலில் பாண்டிக்கு பஸ் ஏற வேண்டும். பேராயர் இல்லத்தின் வரவேற்பறையில் காத்திருக்க வேண்டும். மருத்துவ அறிக்கை எங்கே என்று அவரைக் கேட்பார்கள். அதை எடுத்திருந்தால் எவ்வளவு நல்ல காட்சி! வீட்டில் ஒரு பெண் அலறிக்கொண்டிருக்க, இங்கே ஒருவர் கையில் குடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

1614இல் வெளியான ரோமைச் சடங்கு நூலில் பேயோட்டும் முறை இருக்கிறது. அதன் முதல் எச்சரிக்கையே, ஒருவரைப் பேய் பிடித்திருப்பதாகச் சுலபத்தில் நம்பிவிடாதே என்பதுதான். பிறகு குரு பேயிடம் கேட்க வேண்டியவை: உன் பெயர் என்ன? எந்த நாள், எந்த மணி நேரத்தில் வெளியேறுவாய்? அதற்கு அடையாளம் என்ன? நீங்கள் இந்தக் கேள்விகளைக் கழற்றிவிட்டுக் கத்தலை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். பம்பை மேளம் அடித்துப் பேயோட்டும் நம்மூர்ப் பம்பைக்காரரும் இதே மாதிரிதான் கேட்பார் என்று உங்களுக்குத் தெரியுமா? வித்தியாசம் ஒன்று உண்டு. தேவையில்லாத பேச்சைப் பேயிடம் வளர்க்காதே என்று அந்த நூல் குருவைத் தடுக்கிறது. நம்மவர் வளர்ப்பார். ஊர்க்கதை பேசுவார், திட்டுவார், கெஞ்சுவார், பேரம் பேசுவார், வெற்றிலை மடித்துக் கொடுப்பார்.

மேல்மலையனூர்க் கதையை யோசித்துப் பாருங்கள். அங்கே முதலில் பிடிபட்டவர் சிவனே. பிரம்மனின் ஐந்தாவது தலையைக் கிள்ளியதால் பிரம்மஹத்தி பிடித்து, கபாலம் கையில் ஒட்டிக்கொள்கிறது. பிச்சையாக விழும் சோற்றையெல்லாம் அதுவே தின்றுவிட, பித்தனாகச் சுடுகாடு சுடுகாடாக அலைகிறார். அம்மன் அந்தக் கபாலத்தோடு சண்டைக்குப் போகவில்லை. சோற்றைப் பிசைந்து முதல் இரண்டு உருண்டையைக் கபாலத்தில் போடுகிறாள், மூன்றாவதைத் தரையில் இறைக்கிறாள். ருசி கண்டது சும்மா இருக்குமா? பொறுக்கித் தின்னக் கையை விட்டு இறங்குகிறது. அப்போதுதான் அங்காளம்மனாக விசுவரூபம் எடுத்து மிதிக்கிறாள். உங்கள் சமையல்கார அக்கா இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவராக இருக்கும். அதனால்தான் கயிற்றைப் பற்றிப் பேசாமல் நேராக, அதுக்கு இன்னா வேணுமாம் என்றார்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்குப் பத்து வயது. நாங்கள் அப்போது பாகூரில் இருந்தோம். என் சின்ன அத்தையை நெல்லிக்குப்பம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஐந்தே மாதத்தில் இரண்டு முறை தனியாகக் கிளம்பி வந்துவிட்டாள். சாப்பிட மாட்டாள், பேச மாட்டாள், சாயங்காலமானால் கொல்லையில் போய் நிற்பாள். காத்து கருப்பு அண்டியிருக்கிறது என்று முடிவானது. ஒரு அமாவாசை இரவு பெண்ணையாற்றங்கரையில் ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். எந்தக் கோயில் என்பது வேண்டாம்.

பம்பைக்காரர் ஒல்லியான கிழவர். முதல் ஒரு மணி நேரம் அம்மன் கதையைத்தான் பாடினார். எனக்குத் தூக்கம் வந்தது. திடீரென்று பம்பை வேகமெடுத்தது, அத்தையின் கூந்தல் அவிழ்ந்து சுழன்றது. அவர் கேட்க ஆரம்பித்தார். யார் நீ, ஆம்பளையா பொம்பளையா, எந்த ஊர், எப்படிச் செத்தாய்? ரொம்ப நேரம் வசவுதான் பதில். பிறகு ஒரு பையனின் பெயர் வந்தது. கிணற்றில் விழுந்தவனாம். உனக்கு இன்னா வேணும் என்றார். "குடிக்க கலரு" என்றது. "இன்னா கலரு?" "ஆரஞ்சு." கூட்டத்தில் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

"இவள எங்க புடிச்ச?"

"கரும்புக் காட்டு வழியா வந்தா. அழுதுக்கினு வந்தா."

"எதுக்கு அழுதா?"

அத்தை வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவர்கூட அவளிடம் கேட்காத கேள்வி அது. அந்தப் பையன் அவள் வாயால் சொல்லத் தொடங்கினான். அடுப்படியில் படுக்கை. அளந்து போடும் சோறு. கடைசியாக, "ராத்திரியில மச்சாண்டார் கதவத் தட்டுறான்" என்றான். அத்தை புருஷனின் அண்ணனைத்தான் சொன்னான்.

பம்பை நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆற்றங்கரைத் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. கிழவர் என் தாத்தாவின் முகத்தைப் பார்த்தார். தாத்தா குனிந்துகொண்டார். கிழவர் மறுபடி அடிக்க ஆரம்பித்தார். போறியா இல்லியா என்று சத்தியம் வாங்கினார். உச்சிமுடியை முடிச்சுப் போட்டு, கல்லைச் சுமக்கவைத்து, அத்தையைப் புளியமரத்துக்கு ஓட்டினார்கள். முடியை அறுத்து மரத்தில் ஆணி அடித்தார்கள். பேய் போய்விட்டது. அடுத்த வாரம் அவளை நெல்லிக்குப்பத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

பல வருஷம் கழித்து, செஞ்சி வட்டாரத்தில் களப்பணி செய்த இசபெல் நபோகோவ் என்ற மானிடவியலாளர் 1997இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். அவர் களப்பணி செய்த காலத்தில் செஞ்சி உங்கள் கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அவர் கண்டவற்றில் பேய் பிடித்தது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமானவர்களை, தனியாக நடந்து போனவர்களை. பிடித்த பேய்கள் காதலில் தோற்றுத் தற்கொலை செய்துகொண்ட இளைஞர்கள். கல்லும் புளியமரமும் அறுத்த முடியும் அதில் அப்படியே இருந்தன. பேயை விரட்டுவதன் பலன், மனைவி கணவன் வீட்டுக்குத் திரும்புவது என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் முறை அத்தை வந்தபோது பேய் இல்லை, கையில் துணிப்பை மட்டும் இருந்தது. தாத்தா எதையும் கேட்காமல் உள்ளே போகச் சொன்னார். இப்போது பண்ருட்டியில் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டாள். அந்த ராத்திரி பற்றி ஒருமுறை கேட்டேன். பம்பைச் சத்தம் தவிர எதுவும் ஞாபகமில்லை என்றாள்.

உங்கள் தங்கையின் சண்டைக்கு வருகிறேன். பாதி அவள் பக்கம்தான் நான். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. ஜெர்மனியில் ஒரு கல்லூரி மாணவிக்கு 67 முறை பேயோட்டினார்கள். 1976இல் பட்டினியால் உடல் வற்றி இறந்தாள், வயது 23. பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் குற்றவாளிகள் என்று 1978இல் தீர்ப்பானது. உங்கள் படத்தில் அந்தப் பெண்ணைச் சங்கிலியால் கட்டும் இடத்தில் நீல லைட் போட்டு வயலின் வாசிக்கவிட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது. காட்டித்தான் தீர வேண்டுமென்றால் இசையில்லாமல், பூட்டுகிறவனின் கையை மட்டும் காட்டுங்கள்.

தங்கையின் மறுபாதியை ஒத்துக்கொள்ளவில்லை. பேய் உண்டா இல்லையா என்று உங்கள் படம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. நம் ஜனங்களே அப்படி ஒரு பக்கமாக நிற்பதில்லை. காலையில் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் கழுத்தில் தாயத்து இருக்கிறது! மாத்திரையையும் விட மாட்டார்கள், அமாவாசை பஸ்ஸையும் விட மாட்டார்கள். டாக்டர் நாற்பது வினாடி வந்து கைவிரித்துவிட்டுப் போவதெல்லாம் சினிமாவில்தான்.

மூன்று நாள் மறுபடி ஷூட்டிங் வைக்க முடியுமா? கட்டிலைத் தூக்காதீர்கள். பாதரை வைத்துக்கொள்வதானால் அவரைக் கேட்கவிடுங்கள். பம்பைக்காரரைக் கொண்டுவருவதானால் நிஜமாக வாசிப்பவரைக் கூப்பிட்டு, கேமராமேனுக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுங்கள். கம்ப்யூட்டரில் கிடைக்கும் டிரம்ஸ் சத்தம் வேண்டாம். அந்தப் பெண்ணின் குரலைத் தடித்த ஆண்குரலாக மாற்றியிருக்கிறீர்களே, அதைக் கழற்றுங்கள். நல்ல நடிகை அவள். கதவைப் பார்த்துக்கொண்டே பழையதைச் சாப்பிடும் ஷாட்டை ஆறு வினாடியில் வெட்டிவிட்டீர்கள். ஒரு நிமிஷம் ஓடட்டும்.

கேள்வி கேட்கும் காட்சியை எழுதியதும், எடுப்பதற்கு முன்னால் சமைத்துப்போட்ட அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவரையே அந்தக் கூட்டத்தில் ஒருவராக நிறுத்தலாமா என்றும் யோசியுங்கள். நிறுத்தினால் நடிப்புக்குத் தனிச் சம்பளம், சமையலுக்குத் தனி.